பள்ளிகளில் மாணவர் கொடுமைப்படுத்தல்

பள்ளிகளில் மாணவர் கொடுமைப்படுத்தல் என்பது, ஒரு மாணவரை அவரைவிட வலிமை மிக்க வேறொரு மாணவரோ மாணவர் குழுவோ வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும், உடலாலும் சொல்லாலும் ஒதுக்கி வைத்தலாலும் துன்புறுத்துவது ஆகும். பேச்சு வழக்கில் இது கேலி, சீண்டல், வம்பிழுத்தல், மிரட்டல் எனப் பல பெயர்களால் வழங்குகிறது. கல்லூரிகளிலும் விடுதிகளிலும் மூத்த மாணவர்கள் புதிய மாணவர்களைத் துன்புறுத்துவது பகடிவதை எனப்படுகிறது. இரண்டும் நெருங்கிய தொடர்புடையவை எனினும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் 1996 ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நிகழ்ந்த மருத்துவ மாணவர் கொலைக்குப் பின்னர் பகடிவதைக்கு எதிரான தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பள்ளிகளின் மீது இதையொத்த கவனம் விழுந்தது 2023 ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின்னரே ஆகும். கொடுமையைப் பள்ளி அறிந்துகொள்வது மட்டும் போதாது என்பதையும், அறிந்த பின்னர் முறையிட்டவரைக் காப்பது அதனினும் கடினமானது என்பதையும் அந்நிகழ்வு காட்டியது.

வரையறை

இத்துறையில் முன்னோடியான ஆய்வாளர் நோர்வே நாட்டில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வெயுசு ஆவார். 1970களில் அவர் மேற்கொண்ட ஆய்வுகளிலிருந்து இன்று பரவலாக ஏற்கப்படும் மூன்று அடிப்படைக் கூறுகள் பெறப்பட்டன.

* நோக்கம்: துன்புறுத்த வேண்டும் என்னும் எண்ணத்துடன் செய்யப்படுவது.
* தொடர்ச்சி: ஒரு முறையோடு நில்லாமல் மீண்டும் மீண்டும் நிகழ்வது.
* வலிமை வேறுபாடு: பாதிக்கப்படுபவர் எதிர்த்து நிற்க இயலாத நிலையில் இருப்பது.

இவற்றுள் மூன்றாவது கூறே கொடுமைப்படுத்தலைச் சண்டையிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஒத்த வலிமையுடைய இரு மாணவர்கள் விளையாட்டுத் திடலில் அடித்துக்கொள்வது சண்டை. ஒருவர் மட்டும் நாள்தோறும் அடிவாங்கி, திருப்பி அடிக்கவோ வெளியில் சொல்லவோ முடியாமல் இருப்பது கொடுமைப்படுத்தல். இந்த வேறுபாட்டை ஆசிரியர் தவறவிட்டால், "இருவரும் சண்டை போட்டார்கள்" என்று இருவரையும் ஒன்றாகத் தண்டிக்கும் நிலை ஏற்படுகிறது.

வலிமை என்பது உடல் வலிமையை மட்டும் குறிப்பதன்று. வயது, வகுப்பு, எண்ணிக்கை, பணம், மொழி, உடற்குறை, பாலினம் ஆகிய அனைத்தும் வலிமை வேறுபாட்டை உண்டாக்கும். இந்தியச் சூழலில் சாதி இவற்றுள் முதன்மையானது. ஊரில் எண்ணிக்கையாலும் நிலவுடைமையாலும் மேலோங்கிய சாதியைச் சேர்ந்த மாணவர், உடலால் மெலிந்தவராக இருப்பினும், வகுப்பறையில் வலிமை உடையவராகிறார். அவருடைய வலிமை பள்ளி வாயிலோடு முடிவதில்லை, ஊருக்குள்ளும் தொடர்கிறது.

வகைகள்

கொடுமைப்படுத்தல் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

* உடல் வழி: அடித்தல், தள்ளுதல், பொருள்களைப் பறித்தல் அல்லது சேதப்படுத்தல், கடைக்கு அனுப்புதல் போன்ற ஏவல் வேலைகளைச் செய்ய வைத்தல்.
* சொல் வழி: பட்டப்பெயர், சாதிப் பெயர் அல்லது தோற்றம் சொல்லி இழிவுபடுத்தல், மிரட்டல்.
* உறவு வழி: ஒதுக்கி வைத்தல், உடன் உண்ண மறுத்தல், வதந்தி பரப்புதல்.
* பாலியல் வழி: தொடுதல், பாலியல் சொற்கள், சைகைகள்.
* இணைய வழி: புலனம் போன்ற செயலிகளின் குழுக்களில் இழிவுபடுத்தல், ஒளிப்படங்களைத் திரித்துப் பரப்புதல், பொய்க் கணக்குகள் தொடங்குதல்.

உறவு வழிக் கொடுமை கண்ணுக்குத் தெரியாதது. மதிய உணவின்போது ஒரு மாணவி மட்டும் எப்போதும் தனித்து அமர்ந்திருப்பது ஒழுங்கு மீறல் அன்று. அதனால் எந்தப் பதிவேட்டிலும் அது இடம்பெறுவதில்லை. இணைய வழிக் கொடுமைக்குப் பள்ளி நேரம் என்ற வரம்பு இல்லை. பாதிக்கப்பட்டவர் வீடு திரும்பிய பின்னரும் அது தொடர்வதால், ஓய்வு என்பதே அவருக்குக் கிடைப்பதில்லை.

பரவல்

யுனெசுக்கோ அமைப்பு 2019 ஆம் ஆண்டு பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாத காலத்தில் குறைந்தது ஒரு நாளேனும் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகியிருந்தார். இவ்வமைப்பு, நவம்பர் மாதத்தின் முதல் வியாழக்கிழமையை இணைய வழிக் கொடுமை உள்ளிட்ட பள்ளி வன்முறைக்கும் கொடுமைப்படுத்தலுக்கும் எதிரான பன்னாட்டு நாளாக 2020 முதல் கடைப்பிடித்து வருகிறது.

தமிழ்நாட்டு நிகழ்வுகள்

சிதம்பரம், 1996

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன் நாவரசு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவராக இருந்தார். 1996 நவம்பரில் அவர் கொலை செய்யப்பட்டார். அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் சரணடைந்து, 1998 இல் கடலூர் அமர்வு நீதிமன்றத்தால் ஆயுள் தண்டனை பெற்றார். 2001 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கித் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது.

இந்நிகழ்வைத் தொடர்ந்து 1997 இல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இதன்படி பகடிவதையில் ஈடுபடுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டத்தொகையும் விதிக்கலாம். குற்றம் உறுதியான மாணவர் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்கப்படுவார். விடுதிகளும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. எனினும் நடைமுறையில் இச்சட்டம் கல்லூரிகளுக்கு உரியதாகவே பார்க்கப்பட்டது. ஒரே வகுப்பில் படிப்போருக்கு இடையே நிகழும் கொடுமையைப் பள்ளிகள் நெடுங்காலம் ஒழுங்குச் சிக்கலாகவே கருதி வந்தன.

கைக்கயிறும் சாதி அடையாளங்களும்

தமிழ்நாட்டின் சில பகுதிகளில், குறிப்பாகத் தென் மாவட்டங்களில், மாணவர்கள் தத்தம் சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் அணியும் வழக்கம் உள்ளது. மோதிரம், நெற்றிப் பொட்டு, மிதிவண்டியில் பூசப்படும் வண்ணம், பனியனில் அச்சிடப்படும் தலைவர் படம் ஆகியனவும் இவ்வாறே பயன்படுகின்றன. கயிறு ஒருவரை அடையாளப்படுத்துவதோடு, கயிறு கட்டாதவரையும் வேறு வண்ணம் கட்டியவரையும் தனித்துக் காட்டுகிறது.

2019 ஆம் ஆண்டு பள்ளிக் கல்வி இயக்ககம், இத்தகைய வழக்கம் உள்ள பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்குமாறு முதன்மைக் கல்வி அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கோயில் கயிறுகளையும் இது பாதிக்கும் என்று கூறி எதிர்ப்பு எழுந்தது. 2022 ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், ஓர் அரசுப் பள்ளியில் கைக்கயிறு தொடர்பாக ஏற்பட்ட மோதலில் காயமடைந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் உயிரிழந்தார்.

நாங்குநேரி, 2023

நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வள்ளியூரில் உள்ள பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்து வந்தார். அதே பள்ளியில் பயின்ற, இடைநிலைச் சாதியைச் சேர்ந்த சில மாணவர்களின் தொடர்ந்த கொடுமையால் அவர் சில நாட்கள் பள்ளிக்குச் செல்லாமல் இருந்தார். வராததற்கான காரணத்தைப் பள்ளி கேட்டபோது கொடுமை வெளிப்பட்டது, முறையீடும் அளிக்கப்பட்டது. 2023 ஆகத்து 9 ஆம் நாள் இரவு, அவருடைய வீட்டினுள் புகுந்தவர்கள் அவரை அரிவாளால் வெட்டினர். தடுக்க முயன்ற அவருடைய தங்கையும் வெட்டப்பட்டார். இது தொடர்பாகப் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் கைது செய்யப்பட்டுக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர்.

நீண்ட மருத்துவத்துக்குப் பின்னர் அம்மாணவர் 2024 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்வை, சொல்வதை எழுதுபவரின் உதவியுடன் எழுதி, 600க்கு 469 மதிப்பெண்கள் பெற்றார்.

இந்நிகழ்வில் கண்டறிதல் என்னும் பகுதி ஓரளவு நடந்தேறியது. மாணவர் வராதது கவனிக்கப்பட்டது, காரணம் கேட்கப்பட்டது, உண்மை வெளிவந்தது. ஆனால் முறையீட்டுக்கும் தாக்குதலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் முறையிட்டவருக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை.

கண்டறிதல்

அறிகுறிகள்

பெரும்பாலான மாணவர்கள் தமக்கு நேரும் கொடுமையைத் தாமாக முன்வந்து கூறுவதில்லை. எனவே பள்ளிகள் மறைமுக அறிகுறிகளைக் கொண்டே தொடங்க வேண்டியுள்ளது. பொதுவாகக் காணப்படும் அறிகுறிகள் வருமாறு:

* காரணம் தெளிவில்லாத தொடர் விடுப்பு, குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் விடுப்பு
* நன்கு படித்து வந்தவரின் மதிப்பெண்கள் திடீரெனக் குறைதல்
* காலையில் வயிற்று வலி, தலைவலி என்று கூறுதல்
* கிழிந்த சீருடை, தொலைந்த புத்தகம், அடிக்கடி காணாமற்போகும் பணம்
* இடைவேளையில் வகுப்பறையை விட்டு வெளியேறாமை, கழிப்பறைக்குச் செல்வதைத் தவிர்த்தல்
* பள்ளியை மாற்றவோ மாற்றுச் சான்றிதழ் பெறவோ வற்புறுத்துதல்

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று கொடுமையை மெய்ப்பிப்பதில்லை. வறுமை, நோய், குடும்பச் சிக்கல் ஆகியவற்றாலும் இவை தோன்றலாம். ஆயினும் இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து காணப்படுமாயின் வகுப்பாசிரியர் அம்மாணவரிடம் தனியாகப் பேசுவது பரிந்துரைக்கப்படுகிறது.

வருகைப் பதிவேடு இவ்வகையில் பள்ளியின் கையில் உள்ள எளிய கருவி ஆகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வருகை கல்வித் தகவல் மேலாண்மை முறைமை வழியாக நாள்தோறும் மின்னணு முறையிலும் பதியப்படுகிறது. விடுப்பு எண்ணிக்கை மட்டுமன்றி, காரணம் கேட்கப்பட்டதா என்பதும் பதியப்பட்டால் அப்பதிவேடு இன்னும் பயனுடையதாக அமையும்.

இடங்களும் நேரங்களும்

கொடுமைப்படுத்தல் பெரும்பாலும் ஆசிரியரின் பார்வை படாத இடங்களில் நிகழ்கிறது. கழிப்பறை, மாடிப்படி, விளையாட்டுத் திடலின் ஓரம், மிதிவண்டி நிறுத்துமிடம், விடுதி அறை ஆகியன இத்தகையவை. பள்ளி செல்லும் வழியும் இதில் அடங்கும். எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளியில் தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த காட்டூர், திருவெறும்பூர் போன்ற பகுதிகளில் மாணவர்கள் நகரப் பேருந்துகளைப் பயன்படுத்துகின்றனர். கூட்டம் நிறைந்த பேருந்தின் பின்பகுதியிலோ நிறுத்தத்திலோ நிகழ்வதை எந்த ஆசிரியரும் காண இயலாது. பள்ளி வாயிலுக்கு வெளியே நடந்தது என்பதால் அது தமக்குத் தொடர்பற்றது என்று பள்ளிகள் கருதுவதும் உண்டு.

மாணவர்களிடம் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, அச்சம் தரும் இடங்களைப் பெயர் எழுதாமல் குறிக்கச் சொல்வது ஒரு பயனுள்ள முறை ஆகும். இதில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தைப் பலர் குறித்திருந்தால், இடைவேளையில் அங்கு ஓர் ஆசிரியரை நிறுத்துவதே பள்ளி செய்யக்கூடிய முதல் செயல்.

முறையிடும் வழிகள்

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்குப் பின்வரும் வழிகள் உள்ளன.

* மாணவர் மனசு பெட்டி: பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள முறையீட்டுப் பெட்டி. பெயர் குறிப்பிடாமலும் எழுதிப் போடலாம்.
* 14417: பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.
* 1098: குழந்தைகளுக்கான உதவி எண்.
* 14416: மனநல ஆலோசனைக்கான டெலிமானசு எண்.

14417, 1098 ஆகிய எண்களைப் பாடநூல்களிலும் இடம்பெறச் செய்யும் நடவடிக்கை 2021 ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. தலைமையாசிரியர் அறையின் வாயிலில், அனைவரும் காணும்படி வைக்கப்பட்ட பெட்டியில் தாளைப் போடுபவர் தம்மைத் தாமே வெளிப்படுத்திக்கொள்கிறார். அதைத் திறப்பது யார், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை திறப்பது என்பனவும் முன்கூட்டியே மாணவர்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும்.

மாணவர் கூறாமைக்கான காரணங்கள்

கொடுமைப்படுத்துவோரின் பழிவாங்கல் குறித்த அச்சம் முதற்காரணம் ஆகும். சொல்லிப் பயனில்லை என்னும் முன் பட்டறிவு, "கோள் சொல்லி" என்று பெயர் பெறும் வெட்கம், பெற்றோர் பள்ளிப் படிப்பை நிறுத்திவிடுவர் என்னும் கவலை ஆகியன பிற காரணங்கள். இவற்றுள் கடைசிக் காரணம் மாணவியருக்குக் கூடுதலாகப் பொருந்தும். தாம் பட்டதைச் சொன்னால் பாதுகாப்புக்குப் பதிலாகத் திருமணமே ஏற்பாடு செய்யப்படும் என்று அஞ்சும் மாணவி வாய் திறப்பதில்லை.

பள்ளியின் எதிர்வினை

உடனடிப் பாதுகாப்பு

முறையீடு வந்த உடனே பள்ளி செய்ய வேண்டியது விசாரணை அன்று, பாதுகாப்பு ஆகும். குற்றம் சாட்டப்பட்டவர்களை அழைத்துக் கண்டிக்கும் நொடியிலேயே, முறையிட்டவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எனவே அதற்கு முன்னரே பின்வருவன முடிவு செய்யப்பட வேண்டும்.

* அன்று மாலை பாதிக்கப்பட்டவர் யாருடன், எவ்வழியாக வீடு செல்வார்?
* இரு தரப்பினரும் ஒரே ஊரினரா? ஒரே பேருந்தில் செல்பவர்களா?
* பெற்றோருக்குத் தகவல் சொல்பவர் யார்? எப்போது?
* ஆயுதம், மிரட்டல், சாதி வன்முறை, பாலியல் குற்றம் ஆகியவற்றின் அறிகுறி இருப்பின் காவல் துறைக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தெரிவிக்கப்பட்டதா?

கொடுமைப்படுத்துவோரின் உறவினர்கள் பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குச் சென்று முறையீட்டைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்துவது ஊர்ப்புறங்களில் நிகழக்கூடியது. இதனைத் தடுக்கப் பள்ளியால் தனித்து இயலாது. ஆகவே உள்ளூர்க் காவல் நிலையத்துடனும் குழந்தைகள் நலக் குழுவுடனும் முன்கூட்டியே தொடர்பு வைத்திருப்பது அவசியம் ஆகும்.

விசாரணை

இரு தரப்பினரையும் தனித்தனியே கேட்க வேண்டும். எதிரெதிரே நிறுத்திக் கேட்டால் வலிமை குன்றியவர் பின்வாங்குவார். சொல்லப்பட்டவை நாள், இடம், உடனிருந்தோர் ஆகிய விவரங்களுடன் எழுத்தில் பதியப்பட வேண்டும். தொடர்ச்சி என்பது கொடுமைப்படுத்தலின் இலக்கணம் ஆதலால், எழுத்துப் பதிவு இல்லாத பள்ளியில் ஒவ்வொரு நிகழ்வும் முதல் நிகழ்வாகவே தோன்றும்.

சமரசத்தின் வரம்பு

இருவரையும் அழைத்துக் கைகுலுக்கச் சொல்லி அனுப்புவது பள்ளிகளில் பரவலாக உள்ள வழக்கம். ஒத்த வலிமையுடையோரின் சண்டைக்கு இது பொருந்தும். கொடுமைப்படுத்தலில் இரு தரப்பும் சமமானவை அல்ல. ஆகையால் சமரசம் என்பது பாதிக்கப்பட்டவர் மீது விழும் மற்றொரு வற்புறுத்தலாக மாறக்கூடும். இவ்வாறே, பாதிக்கப்பட்டவரை வேறு பிரிவுக்கோ வேறு பள்ளிக்கோ மாற்றுவது விரைவான தீர்வாகத் தோன்றினாலும், தவறு செய்யாதவரை வெளியேற்றுவதாக முடிகிறது.

கொடுமைப்படுத்தியவர்

கொடுமைப்படுத்தியவரும் பெரும்பாலும் சிறாரே ஆவார். அவரைப் பள்ளியிலிருந்து நீக்குவதால் அப்பள்ளிக்கு ஒரு சிக்கல் குறைகிறது. ஊருக்கு ஒரு சிக்கல் கூடுகிறது. எனவே செயலுக்கேற்ற தண்டனையுடன் பெற்றோர் சந்திப்பு, உளவியல் ஆலோசனை, குறிப்பிட்ட காலக் கண்காணிப்பு ஆகியனவும் பரிந்துரைக்கப்படுகின்றன. வீட்டில் அடிபடுவோரும், பிறரால் முன்பு கொடுமைக்கு ஆளானோரும் பின்னர்க் கொடுமைப்படுத்துவோராக மாறுவது உண்டு. ஆசிரியரே மாணவரை அடித்தும் பட்டப்பெயர் சொல்லியும் நடத்தும் வகுப்பில், அதனையே மாணவர்களும் கற்றுக்கொள்கின்றனர்.

உடனிருப்போர்

கொடுமைப்படுத்தல் பெரும்பாலும் பார்வையாளர் முன்னிலையிலேயே நிகழ்கிறது. பின்லாந்து ஆய்வாளர் கிறிசுடினா சல்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, துணை செய்வோர், சிரித்து ஊக்குவிப்போர், ஒதுங்கி நிற்போர், காப்போர் என உடனிருப்போரை வகைப்படுத்தியது. கனடாவில் பள்ளித் திடல்களில் நடந்தவற்றைப் பதிவு செய்து 2001 இல் வெளியான ஆய்வில், சக மாணவர் ஒருவர் தலையிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பத்து நொடிகளுக்குள் கொடுமை நின்றது. ஆனால் தலையிட்டோர் எண்ணிக்கை குறைவு. ஒதுங்கி நிற்போரைக் காப்போராக மாற்றுவது பல தடுப்புத் திட்டங்களின் குறிக்கோள் ஆகும். நேரடியாகத் தடுக்க அஞ்சும் மாணவர், பாதிக்கப்பட்டவருடன் உணவருந்துதல், அவருடன் சேர்ந்து நடந்து செல்லுதல் ஆகிய சிறு செயல்களாலும் காப்பவர் ஆகலாம்.

தொடர் கண்காணிப்பு

முறையீடு முடித்து வைக்கப்பட்ட பின்னர் ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு பருவம் என்ற இடைவெளிகளில் பாதிக்கப்பட்டவரிடம் மீண்டும் கேட்பது இன்றியமையாதது. பல பள்ளிகளில் விடுபட்டுப்போவது இப்படியே ஆகும்.

தொடர்புடைய சட்டங்களும் விதிகளும்

இந்தியாவில் பள்ளி மாணவர்களிடையேயான கொடுமைப்படுத்தலுக்கென நாடு தழுவிய தனிச் சட்டம் இல்லை. நிகழ்வின் தன்மைக்கேற்பப் பின்வருவன பொருந்துகின்றன.

* தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம், 1997.
* கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009: இதன் 17 ஆம் பிரிவு குழந்தைகளுக்கு உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் தருவதைத் தடை செய்கிறது. பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் இச்சட்டம் வழி செய்கிறது.
* பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ), 2012: குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதனைத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளிக்குள் பேசி முடிக்க இச்சட்டம் இடமளிப்பதில்லை.
* பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989.
* இளைஞர் நீதிச் சட்டம், 2015: குற்றம் சாட்டப்பட்ட சிறார் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவர். பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தையும் குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அடையாளத்தையும் வெளியிடலாகாது.
* தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000: இணைய வழிக் குற்றங்களுக்கு.

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2015 மார்ச்சில் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதல், ஒவ்வொரு பள்ளியிலும் கொடுமைப்படுத்தல் எதிர்ப்புக் குழு அமைக்குமாறு அறிவுறுத்தியது. ஆசிரியர், ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி ஆகியோருடன் மாணவர்களும் இதில் இடம்பெறுவர். உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஆம் ஆண்டு விதிமுறைகள் உள்ளன.

சந்துரு குழு

நாங்குநேரி நிகழ்வைத் தொடர்ந்து, பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதி வேறுபாடுகளால் எழும் வன்முறைகளைத் தடுக்கும் வழிமுறைகளை ஆராயச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. அக்குழு 2024 சூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. அதன் முதன்மைப் பரிந்துரைகளுள் சில:

* பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல்
* கைக்கயிறு, மோதிரம், நெற்றிக் குறி முதலிய சாதி அடையாளங்களைத் தடை செய்தல்
* வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாமை. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் உரக்கக் கூறாமை
* அகரவரிசைப்படி மாணவர்களை அமரச் செய்தல்
* ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்தல்
* 500க்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமித்தல்
* ஆறாம் வகுப்பு முதல் அறநெறி வகுப்புகள் நடத்துதல்

இவ்வறிக்கையின் சில பரிந்துரைகளுக்கு அரசியல் கட்சிகளிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது. 2025 சூனில் பள்ளிக் கல்வித் துறை, சாதி அடையாளங்களைத் தவிர்த்தல், மாணவர்களின் சாதி விவரங்களைக் கமுக்கமாக வைத்தல் உள்ளிட்ட அறிவுறுத்தல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது.

பள்ளி நல அலுவலர் என்னும் பரிந்துரை கண்டறிதலுடன் நேரடித் தொடர்புடையது. பாடம் நடத்தும் ஆசிரியருக்கு மாணவரின் துன்பத்தைக் கேட்கும் நேரம் கிடைப்பது அரிது. அவரே மதிப்பெண் இடுபவராகவும் தண்டிப்பவராகவும் இருப்பதால் மாணவர் அவரிடம் பேசத் தயங்குவதும் இயல்பு. கேட்பதையே பணியாகக் கொண்ட ஒருவர் பள்ளியில் இருப்பது இவ்விடைவெளியைக் குறைக்கும்.

பிற நாடுகள்

நோர்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, 1983 இல் அந்நாட்டு அரசு நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதன்போது பெர்கன் நகரப் பள்ளிகளில் ஒல்வெயுசு உருவாக்கிய திட்டம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. பின்லாந்தின் துர்க்குப் பல்கலைக்கழகத்தில் உருவான கிவா திட்டம், உடனிருப்போரை மையப்படுத்தியது ஆகும். சப்பானில் 2013 இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கடுமையான நேர்வுகளை விசாரித்து அறிவிக்கும் கடமையை அது பள்ளிகளின் மீது சுமத்துகிறது.

இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் 1997 இல் பகடிவதையால் இறந்ததைத் தொடர்ந்து, கல்வி நிறுவனங்களில் பகடிவதையையும் பிற வன்முறைகளையும் தடை செய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தமிழ்நாட்டைப் போலவே அங்கும் ஓர் உயிரிழப்புக்குப் பின்னரே சட்டம் வந்தது.

விவாதங்கள்

முறையீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பள்ளியை மதிப்பிடுவது பொருத்தமற்றது என்று கருதப்படுகிறது. முறையீடு ஏதும் வராத பள்ளி, கொடுமை அற்ற பள்ளியாகவும் இருக்கலாம். மாணவர்கள் வாய் திறக்க அஞ்சும் பள்ளியாகவும் இருக்கலாம். நன்கு செயற்படும் முறையீட்டு வழி தொடங்கப்பட்ட பள்ளியில், முதல் ஆண்டில் முறையீடுகள் கூடுவது இயல்பு. இதனைப் பள்ளியின் நற்பெயருக்கு இழுக்காகக் கருதும் நிருவாகம், முறையீடுகளைப் பதியாமல் விடும் நிலைக்குத் தள்ளப்படுகிறது.

சாதி அடையாளங்களைத் தடை செய்வதன் பயன் குறித்தும் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அடையாளம் நீங்கினால் குழு சேர்தல் குறையும் என்பது ஒரு கருத்து. ஒரே ஊரைச் சேர்ந்த மாணவர்களுக்கு யார் எத்தெருவில் வாழ்பவர் என்பது முன்பே தெரியும் ஆதலால், கயிற்றை அவிழ்ப்பது மட்டும் போதாது என்பது மற்றொரு கருத்து. முறையிட்ட மாணவர் அன்று இரவும் அடுத்த நாள் காலையும் பாதுகாப்பாக இருக்கிறாரா என்பதைப் பள்ளியும் ஊரும் காவல் துறையும் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும் என்பதில் இவ்விரு தரப்பினருக்கும் வேறுபாடு இல்லை.